ஃபார்பிடன்: ஒரு சறுக்கலின் பூர்வீகம்

பிளாக் சப்பாத் குழுவின் பதினெட்டாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘ஃபார்பிடன்’ 1995 ஜூனில் வெளியானது. பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலில் அதற்குக் கிடைத்தது 71ஆம் இடம். 1970இல் ‘பாரனாய்ட்’ மூலம் அதே பட்டியலில் முதலிடம் பிடித்த குழு இது. ஹெவி மெட்டலுக்குப் பிள்ளையார் சுழி போட்ட பர்மிங்காம்காரர்கள் சறுக்கியதற்கு ரசிகர்கள் சொல்லும் காரணம் ஒன்றே: ராப் பாடகர் ஐஸ்-டியைச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர் குரல் வருவது முதல் பாட்டில் மட்டும், அதிலும் கொஞ்ச நேரம்தான். தேடிப் பார்த்தவரையில் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

முந்தைய ஆல்பமான ‘கிராஸ் பர்ப்பசஸ்’ 1994இல் வந்தது. அதன்பின் பேஸ் கிதார் கலைஞர் கீஸர் பட்லர் விலகி, பழைய தோழர் ஆஸி ஆஸ்போர்னிடமே போய்ச் சேர்ந்தார். நிறுவனர்களில் மிஞ்சிய டோனி அயோமி, 1990இன் ‘டிர்’ ஆல்பத்தில் வாசித்த கோஸி பவலையும் நீல் மரேயையும் திரும்ப அழைத்தார். பாடகர் டோனி மார்ட்டின், கீபோர்டுக்கு ஜெஃப் நிக்கோல்ஸ். பழகிய கைகள்தான், குறை அங்கே இல்லை.

காலத்துக்கேற்ற ஒலி வேண்டும் என்ற யோசனை குழுவுக்கு வெளியிலிருந்து வந்தது. தயாரிப்பாளராக அமர்ந்தவர் எர்னி சி. ஐஸ்-டியின் பாடி கவுன்ட் குழுவில் கிதார் வாசிப்பவர். பொருந்தாத கூட்டு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஐஸ்-டி தன் முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டிலேயே, 1987இல், சப்பாத்தின் ‘வார் பிக்ஸ்’ இசைத்துண்டை எடுத்தாண்டவர். சப்பாத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் சப்பாத்துக்கே வேலை செய்ய வந்தார்கள்.

சிக்கல் ஒலிப்பதிவுக் கூடத்தில் தொடங்கியது. ரெயின்போ, ஒயிட்ஸ்நேக் குழுக்களில் பேரெடுத்த பவலிடம் பேஸ் டிரம்மை ஹிப்-ஹாப் பாணியில் அடிக்கச் சொன்னார் எர்னி சி. பவலுக்கு அது அவமானமாகப் பட்டது. அவர் கோபம் நியாயமானதே என்று அயோமி பின்னாளில் சொன்னார். இறுதிக் கலவையில் டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டுவதுபோல் கேட்டது. அயோமியின் கிதாரும் மெலிந்துபோனது. இந்தக் குழுவிடம் கிதாரின் கனத்தைக் குறைத்தால் மிச்சம் என்ன இருக்கும்? ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளப் போட்ட நிரப்பு ஆல்பம் என்று மார்ட்டினே அதை ஒதுக்கினார்.

பவல் இந்த ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே விலகினார். 1997 டிசம்பரில் குழுவைத் தொடங்கிய நால்வரும் பர்மிங்காமில் மேடையேறினர். அடுத்த ஸ்டுடியோ ஆல்பம் 2013இல்தான் வந்தது. ஆஸி பாடிய ‘13’ பிரிட்டனில் முதலிடம் பிடித்தது.

‘ஃபார்பிடனை’ அயோமி விட்டுவிடவில்லை. தானே மறுகலவை செய்து, 2024இல் வந்த ‘ஆன்னோ டொமினி 1989–1995’ தொகுப்பில் சேர்த்தார். பாட்டுகள் அதேதான். ஆனால் கிதார் முன்னே வந்திருக்கிறது, பவலின் அடி அடியாகவே விழுகிறது. ‘கிஸ் ஆஃப் டெத்’ இப்போதுதான் சப்பாத் பாட்டாக ஒலிக்கிறது. பழியில் பெரும்பங்கு கலவைக்கே என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை. ‘சிக் அண்ட் டயர்ட்’ மட்டும் புதிய கலவையிலும் சுமார்தான்.