முதல் மரியாதை இல்லாத அறங்காவலர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாய். "தாத்தா, காலேஜ் போர்டுல ஸ்டூடன்ட் டிரஸ்டிக்கு நிக்கலாமான்னு பாக்கறேன். நிக்கட்டுமா?" உன் அப்பா லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே, "அங்க உன் ஓட்டை எண்ணவே மாட்டாங்கம்மா. அந்த நேரத்துல கால்குலஸைப் பாரு" என்றான். நீ தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். நானும் வாயைத் திறக்கவில்லை. மகன் பிள்ளைக்குப் புத்தி சொல்லும்போது நடுவில் நுழைந்தால் பேச்சு வேறு எங்கோ போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன்.

உன் அப்பா சொன்னது பொய்யில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் எனக்கு இந்த விஷயத்தில் என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம்.

1987இல் நான் கலிஃபோர்னியாவுக்கு வந்து இறங்கியபோது கையில் தஞ்சாவூரில் வாங்கிய பி.காம். இருந்தது. அதை இங்கே யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. பகலில் ஒரு கிடங்கில் பெட்டி எண்ணும் வேலை, ராத்திரி கம்யூனிட்டி காலேஜில் அக்கவுண்டிங் வகுப்பு. அப்போது ஒரு யூனிட்டுக்கு 5 டாலர்தான். மூன்று யூனிட் பாடத்துக்கு 15 டாலர் கட்டிப் படித்தேன். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த ஐந்து டாலரும் கிடையாது. 1984இல்தான் முதன்முதலாக மாநிலம் முழுக்கக் கட்டணம் வைத்தார்கள். நீ இப்போது யூனிட்டுக்கு 46 டாலர் கட்டுகிறாய். அதுவும் இந்த நாட்டில் மற்ற இடங்களோடு பார்த்தால் மலிவுதான். அந்தக் காலேஜை யார் நடத்துகிறார்கள், அந்தக் கட்டடத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்றெல்லாம் அன்று நான் யோசித்ததே இல்லை. விளக்கு எரிந்தது, வாத்தியார் வந்தார், பாஸ் செய்தேன். அவ்வளவுதான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஒருநாள் சீனியர் சென்டர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைப் பார்த்தேன். காலேஜ் பாண்டு (கடன்பத்திர) மேற்பார்வைக் குழுவுக்கு ஆள் தேவை. 2000இல் வந்த 39ஆம் பிரேரணைப்படி, 55 சதவீத ஓட்டில் பாண்டு நிறைவேறினால் அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க ஊர்மக்கள் குழு ஒன்று இருந்தே ஆகவேண்டும். குறைந்தது ஏழு பேர். அதில் ஒருவர் முதியோர் சங்கத்தைச் சேர்ந்தவராக இருக்கவேண்டும். சம்பளம் கிடையாது. அந்த 'முதியோர்' நாற்காலியில் இரண்டிரண்டு ஆண்டாக மூன்று தவணை உட்கார்ந்தேன். போர்டு கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான். குழுவுக்குத் தேவை என்று போக ஆரம்பித்தவன், பிறகு பழக்கமாகிப் போய்க்கொண்டே இருந்தேன். உன் பாட்டி, "அங்க என்ன சீரியலா ஓடுது?" என்று கேட்பாள். ஒருவகையில் சீரியல்தான்.

குழுவின் முதல் கூட்டத்தில் நான் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். தடிமனான பைண்டர் ஒன்றை இரண்டு வாரம் முன்பே தபாலில் அனுப்பியிருந்தார்கள். நான் பிரிக்கவில்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதியவனுக்கு இதில் என்ன புதிதாக இருக்கப்போகிறது என்ற எண்ணம். என் முறை வந்ததும் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்: இத்தனை கோடி வைத்துக்கொண்டு கட்டடமாகவே கட்டுகிறீர்களே, இதில் நாலு வாத்தியார்களைக் கூடுதலாக வேலைக்கு வைத்தால் என்ன? பின்னால் இரண்டு பேர் கைகூடத் தட்டினார்கள். குழுத் தலைவி ஓய்வுபெற்ற நர்ஸ். கோபப்படவில்லை. "இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி" என்றார். சொல்லிவிட்டு, நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, பக்கத்தைப் புரட்டி, படித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பாண்டு பணத்தில் ஆசிரியர் சம்பளமோ நிர்வாகச் சம்பளமோ கொடுக்கக் கூடாது, கட்டடம், தளவாடம் மட்டும்தான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. அந்த ஒரு நிமிஷ அமைதி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நின்றபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

டிரஸ்டி என்றால் தமிழில் அறங்காவலர். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் தர்மகர்த்தா என்போம். அவருக்குப் பரிவட்டம் உண்டு, முதல் மரியாதை உண்டு, தேர் வடத்தில் முதலில் கை வைக்கும் உரிமை உண்டு. ஊரே எழுந்து நிற்கும். அந்த நினைப்போடுதான் நான் போர்டு ரூமுக்குள் நுழைந்தேன். ஐந்து பேர், குதிரை லாட வடிவத்தில் மேஜை, முன்னால் பெயர்ப்பலகை, பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். ஒருவர் ரிட்டயர்டு தபால்காரர். ஒருத்தி ரியல் எஸ்டேட். ஒருவர் ஹைஸ்கூலில் வரலாறு எடுத்தவர். மாதப்படி சொற்பம். கடைக்குப் போனால் அவர்களை யாருக்கும் அடையாளம் தெரியாது. மாநிலத்தில் இப்படி 73 டிஸ்டிரிக்ட், 116 காலேஜ். ஓட்டுச்சீட்டில் ஜனாதிபதி அல்லது கவர்னர், செனட்டர் எல்லாம் தாண்டிக் கீழே எங்கோ இவர்கள் பெயர் வரும். பாதிப் பேர் அந்த இடத்துக்கு வருவதற்குள் அலுத்துப்போய்ச் சீட்டை மடித்துவிடுவார்கள்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் கம்யூனிட்டி காலேஜ் போர்டுக்கு முதல் தேர்தல் நடந்தபோது ஏழு இடங்களுக்கு நூறு பேருக்கும் மேல் நின்றார்கள். அதில் முதலாவதாக வந்த இளைஞர் ஜெர்ரி பிரவுன். பிறகு இரண்டு முறை இந்த மாநிலத்தின் கவர்னராக வந்தாரே, அவரேதான். கவர்னராக இருந்த அப்பாவின் பெயர் கைகொடுத்தது என்பது வேறு விஷயம். ஆனால் அவர் பொதுவாழ்வில் ஏறிய முதல் படி இந்த நாற்காலிதான். (கூட்டத்தில் அடிக்கடி 'பிரவுன் ஆக்ட்' என்பார்கள். அது இந்த பிரவுன் இல்லை. 1953இல் சட்டசபையில் இருந்த ரால்ஃப் பிரவுன். நான் ஒரு வருஷம் இவரென்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.)

அந்த பிரவுன் ஆக்டை நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கமான கூட்டம் என்றால் 72 மணி நேரத்துக்கு முன்பே அஜெண்டாவை ஊர் பார்க்கும்படி ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாததைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. போர்டில் பெரும்பான்மை பேர் வெளியே கூடி போர்டு விஷயம் பேசக் கூடாது. ஐந்து பேர் போர்டில் மூன்று பேர் என்றாலே பெரும்பான்மை. ஒருமுறை காலேஜ் பட்டமளிப்பு விழாவில் இரண்டு டிரஸ்டிகள் காபிக் கோப்பையோடு ஏதோ பேசிக்கொண்டிருக்க, மூன்றாமவர் அருகில் வந்ததும் ஒருவர் சட்டென்று, "உங்க பேத்தி எப்படி இருக்கா?" என்று பேச்சை மாற்றினார். நம்மூரில் தீர்மானம் என்பது முந்தின ராத்திரியே யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் முடிந்திருக்கும். மறுநாள் கூட்டம் ஒப்புக்குத்தான். இங்கேயும் அப்படி நடக்காமல் இல்லை. நடந்தால் குற்றம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அதுவே பெரிய வித்தியாசம்.

நான் உனக்குச் சொல்ல நினைத்ததற்கு இப்போது வருகிறேன். போர்டு என்பது ஐந்து அதிகாரிகள் இல்லை. ஒன்றாக உட்கார்ந்து, கோரம் சேர்ந்து, ஒருவர் முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழிந்து, கை தூக்கிய அந்தக் கணத்தில் மட்டும்தான் அதிகாரம். வாசலைத் தாண்டிவிட்டால் அவர்களும் நம்மைப் போல ஊர்க்காரர்கள்தான். போர்டு நேரடியாக வேலைக்கு வைத்து, வேலை வாங்கி, தேவைப்பட்டால் வீட்டுக்கு அனுப்புவது ஒரே ஒருவரை: காலேஜின் தலைமை நிர்வாகி. மற்றவர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. பாடத்திட்டம் போன்ற விஷயங்களில் ஆசிரியர் செனட்டின் சொல்லுக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று 1988இலிருந்து சட்டம் வேறு இருக்கிறது.

இது புரியாமல் ஒருவர் பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறேன். புதிதாக ஜெயித்து வந்தவர், நல்ல மனசு. பிரச்சாரத்தின்போது வீடு வீடாகப் போனதில் வேலைக்குப் போகிற தாய்மார்கள் பலர், சனிக்கிழமை நூலகம் திறந்தால் நன்றாயிருக்கும் என்றிருக்கிறார்கள். ஜெயித்த கையோடு நேரே நூலகத்துக்குப் போய், அங்கிருந்த ஊழியரிடம், "இந்த சனிக்கிழமையிலேர்ந்து திறங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். டிரஸ்டி சொல்லும்போது அந்தப் பெண் என்ன செய்வாள்? திறந்தாள். ஓவர்டைம் யாரும் அனுமதிக்கவில்லை. யூனியன் புகார் கொடுத்தது. மேலாளர் அவளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார். நல்லது செய்யப் போனவருக்கு ஒன்றுமில்லை, நடுவில் மாட்டிக்கொண்டது அந்த ஊழியர். அடுத்த கூட்டத்தில் டிரஸ்டி மைக்கை இழுத்து, "தப்பு என்னுடையது, அவங்களுடையது இல்ல" என்றார். மினிட்ஸில் ஏறியது. அதற்கப்புறம் அதே விஷயத்தை அஜெண்டாவில் வைத்து, செலவுக் கணக்குக் கேட்டு, யூனியனோடு பேசி முடிக்க ஏழு மாதம் ஆனது. இப்போது நூலகம் சனிக்கிழமை அரைநாள் திறந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவர் அந்தத் தபால்காரர். செயற்கைப் புல் மைதானம் போடுவதா, பழைய கெமிஸ்ட்ரி லேபைச் சரிசெய்வதா என்று பெரிய சண்டை. அவர் லேப் பக்கம். நாலுக்கு ஒன்றாகத் தோற்றார். மறுமாதம் மைதானத்துக்கு டெண்டர் வந்தது. தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? வெளிநடப்பு, இல்லையென்றால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எதிர் ஓட்டு. இவர் அந்த டெண்டர் காகிதம் முழுவதையும் படித்து, மஞ்சள் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். மழைநீர் வடிகால் வேலை அதில் எந்த இடத்திலும் இல்லை. அப்படியே கையெழுத்துப் போட்டிருந்தால் பாதி வேலையில் காண்டிராக்டர் 'கூடுதல் வேலை' என்று தனி பில் நீட்டியிருப்பார். திருத்தி வரச்சொல்லி, திருத்தி வந்ததும் ஆதரித்து ஓட்டுப் போட்டார். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் கேட்டேன், "நீங்க இந்த மைதானத்தையே எதிர்த்தவராச்சே?" கார்க் கதவைத் திறந்துகொண்டே சொன்னார்: "அது போன மாசம். இப்ப அது எங்க மைதானம்."

யாரும் படிக்காமல், யாரும் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீ தூரம் போகவேண்டாம். லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே காம்ப்டன். 1927இல் தொடங்கிய காலேஜ், ஏழைப்பட்ட ஊர், பெரும்பாலும் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள். பணக் கணக்கும் நிர்வாகமும் குளறுபடியாகி, 2004இல் மாநிலம் உள்ளே புகுந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டின் அதிகாரத்தை நிறுத்திவைத்து, தனி டிரஸ்டி ஒருவரை உட்காரவைத்தது. அப்படியும் 2006இல் அங்கீகாரம் போயிற்று. அங்கீகாரம் போனால் என்ன தெரியுமா? அங்கே படித்த யூனிட்டை வேறு காலேஜ் எடுத்துக்கொள்ளாது. மத்திய அரசின் படிப்புதவி வராது. சுருக்கமாக, அந்தப் பிள்ளை ராத்திரி கண்விழித்துப் படித்தது செல்லாக் காசு. டாரன்ஸ் பக்கம் இருக்கும் எல் கமினோ காலேஜ் அதைத் தன் கிளை போல நடத்த முன்வந்ததால் கதவு மூடாமல் தப்பியது. மாநிலம் 3 கோடி டாலர் கடன் கொடுத்தது. அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது 2017இல். பதினோரு வருஷம்! 2006இல் பிறந்த குழந்தை மிடில் ஸ்கூலுக்கு வந்துவிடும். நானும் ராத்திரி வகுப்பில் படித்தவன் என்பதால், அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசையும்.

இந்த மாதிரிச் சரிவு ஒரே ராத்திரியில் வருவதில்லை என்பது என் அனுமானம். மாதாமாதம் அஜெண்டாவில் ஒரே கையசைப்பில் நிறைவேறும் இருபது, முப்பது சில்லறை விஷயங்கள் இருக்கும், ஒப்பந்தம், பில், பயணச்செலவு. ஒரு டிரஸ்டி, "பதினாலாம் நம்பரைத் தனியா எடுங்க, எனக்கு ஒரு கேள்வி" என்றால் மற்ற நாலு பேரும் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மணி ஒன்பதரை ஆகியிருக்கும், எல்லாருக்கும் பசி. அப்போது அந்தக் கேள்வியைக் கேட்கக் கொஞ்சம் தோல் தடிப்பு வேண்டும். கேட்கிறவருக்கு அன்று மரியாதை கிடைக்காது. பரிவட்டம் இல்லை என்று சொன்னேனே.

உன் அப்பா சொன்னதற்கு வருகிறேன். ஆமாம், ஸ்டூடன்ட் டிரஸ்டியின் ஓட்டு ஆலோசனை ஓட்டுத்தான். பதிவாகும், எண்ணிக்கையில் சேராது. ஊழியர் விஷயம், வழக்கு, சம்பளப் பேச்சு என்று மூடிய அமர்வு வந்தால் உன்னை வெளியே போகச் சொல்வார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நிற்கவேண்டியதுதான். இதையெல்லாம் மறைத்து உன்னை நிற்கச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்ற நேரமெல்லாம் நீ அதே மேஜையில், அதே காகிதக்கட்டோடு உட்கார்ந்திருப்பாய். பதினாலாம் நம்பரைப் பற்றிக் கேட்க ஓட்டு தேவையில்லை. கட்டணம் கட்டமுடியாமல் வகுப்பை விட்ட பையனையும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க லேபிலிருந்து பாதியில் ஓடுகிற பெண்ணையும் அந்த ஐந்து பேரைவிட உனக்குத்தான் தெரியும். பஸ் எத்தனை மணிக்கு என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. நான் பந்தயம் கட்டுவேன்.

கால்குலஸையும் பார். அதில் உன் அப்பா கட்சிதான் நானும்.

அடுத்த போர்டு கூட்டம் திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணி. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் அஜெண்டாவைப் போட்டுவிடுவார்கள். எனக்கும் ஒரு பிரதி அச்செடுத்து வை, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடு. சனிக்கிழமை உட்கார்ந்து படிப்போம். திங்கட்கிழமை காரை நீ ஓட்டு. ராத்திரியில் எனக்கு இப்போது எதிர்விளக்கு கூசுகிறது.