பொதுச்சுவர்

குத்தம்பாக்கம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இரண்டு விஷயம்தான். ஒன்று, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வரும் ஊர். இன்னொன்று, பஞ்சாயத்துத் தலைவராக இருந்த இளங்கோ. கெமிக்கல் இன்ஜினியரிங் படித்து, நல்ல வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு ஊருக்கு வந்து 1996-ல் தலைவரானவர். அவர் காலத்தில்தான் எங்கள் ஊருக்குச் சமத்துவபுரம் வந்தது. 2000-ல் திறந்தார்கள்.

சமத்துவபுரம் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இருக்கிறது. எங்கள் ஊரில் கொஞ்சம் வித்தியாசம். இங்கே வீடுகளை ஜோடி ஜோடியாகக் கட்டினார்கள். 50 ஜோடி, 100 குடும்பம். ஒரு பாதியில் ஒரு தலித் குடும்பம், மறு பாதியில் வேறு சாதிக் குடும்பம். நடுவில் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தால் இந்தப் பக்கம் கேட்கும். ஒருத்தர் ஆணி அடித்தால் இன்னொருத்தர் வீட்டு போட்டோ ஆடும். அப்படி ஒரு நெருக்கம்.

எங்கள் வீடு அங்கே இல்லை. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பதற்குக் காரணம் எங்கள் சபை.

எங்கள் சபை ரொம்பச் சின்னது. இருபத்து சொச்சம் குடும்பங்கள். வாடகைக்கு எடுத்த ஒரு ஹால், மேலே ஷீட் கூரை, நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, மிச்சம் பேருக்குப் பாய். மே மாதம் ஆராதனை முடிவதற்குள் சட்டை பிழிந்து போடலாம். கீபோர்டு வாசிக்கும் அண்ணனுக்கு இருங்காட்டுக்கோட்டை கம்பெனியில் ஷிப்ட் வந்துவிட்டால் அன்றைக்குக் கைத்தட்டுதான் இசை. எங்கள் ஊர் ஆட்களும் இருக்கிறார்கள், தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் பிரியாணிக்கு யார் வீட்டு அண்டா, எந்த அக்கா வெங்காயம் வெட்டுவார், எந்த அங்கிள் ஜெபம் ஆரம்பித்தால் கால் மணி நேரத்துக்குக் குறையாது, எல்லாம் எல்லாருக்கும் தெரியும்.

என் கல்லூரி நண்பன் ஒருவன் பெரிய சபைக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை நாலு ஆராதனை, ஆயிரக்கணக்கில் கூட்டம், பெரிய திரை. "உங்க சர்ச்ல பத்து வரிசைகூட இல்லையேடா, போரடிக்கலையா?" என்று கேட்டான். போரடிப்பது பிரச்சினை இல்லை. ஒளிந்துகொள்ள இடம் இல்லை என்பதுதான் பிரச்சினை. அவன் சபையில் பிடிக்காத ஒருவர் வந்தால் அடுத்த ஆராதனைக்குப் போய்விடலாம். எங்கள் சபையில் பிடிக்காதவர் உங்களுக்கு முன்னால் மூன்றடி தூரத்தில், அதே ஃபேன் காற்றில் உட்கார்ந்திருப்பார். அன்புகூருங்கள் என்று பாஸ்டர் சொல்லும்போது அது யாரைப் பற்றி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. அவருடைய பின்தலை கண்ணுக்கு நேராகத் தெரியும்.

கிறிஸ்தவர்கள் சேர்ந்து வாழ்வது என்ற பேச்சு வந்தால் பெரும்பாலும் அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் முதல் சபையைச் சொல்வார்கள். எல்லாவற்றையும் பொதுவில் வைத்தார்கள், வீடுகளில் அப்பம் பிட்டுச் சாப்பிட்டார்கள் என்று. நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு கொரிந்து சபையில் என்ன நடந்தது என்பதையும் அதே பைபிள் ஒளிக்காமல் சொல்கிறது. இருப்பவர்கள் முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுல் கடுமையாகத் திட்டி எழுதினார். நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்கிற அளவுக்கு. பாட்டு சரியில்லை, பிரசங்கம் சரியில்லை என்று அவர் அங்கே கோபப்படவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் யார் விடுபட்டார் என்றுதான் பார்த்தார்.

நம் தமிழ்நாட்டுக் கதை இன்னும் மோசம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர். அங்கே உள்ள கத்தோலிக்கக் கோவிலை 19-ஆம் நூற்றாண்டில் இரண்டு கிளையாகப் பிரித்துக் கட்டினார்கள். வேளாளர் ஒரு கிளையில், நாடார் இன்னொரு கிளையில். நடுவில் சுவர். பீடம் மட்டும் எல்லாருக்கும் ஒன்று. அதாவது சாமியைப் பார்க்கலாம், பக்கத்தில் நிற்கும் மனுஷனைப் பார்க்க வேண்டாம். 1910-ல் பங்குச் சாமியார் அந்தச் சுவரை இடித்தார். எங்கள் இடம் எங்களுக்கே வேண்டும் என்று வழக்கு போட்டு, அது சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அது பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூரில் ஒரே பங்கைச் சேர்ந்த இரண்டு சாதிக் கிறிஸ்தவர்களுக்குள் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

வடக்கன்குளத்திலும் சுவர், குத்தம்பாக்கத்திலும் சுவர். கோவிலில் இருந்த சுவர் மனிதர்களைப் பிரிக்கக் கட்டியது. பஞ்சாயத்து கட்டிய சுவரில் இரண்டு குடும்பம் சாய்ந்து உட்காரலாம். வேதம் வாசிக்கிற நாங்கள் பஞ்சாயத்திடம் பாடம் படிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, எங்கள் சபை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் இரண்டு குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரு மழைக்காலத்தில் ஒரு வீட்டுச் சாக்கடைத் தண்ணீர் இன்னொரு வீட்டு வாசலில் தேங்கியது. முதலில் முணுமுணுப்பு, பிறகு சத்தம், பிறகு சாதியை இழுத்து ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு குடும்பமும் சபைக்கு வருவார்கள், ஹாலின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் உட்காருவார்கள். பிள்ளைகள்கூட ஞாயிறு பள்ளியில் பேசிக்கொள்ளவில்லை.

எங்களுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு இராப்போஜனம். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், கை மாறிப் போகும். அந்த மாதம் பாஸ்டர் ஐயா மேஜைமேல் போட்ட வெள்ளைத் துணியை மடித்து எடுத்து வைத்துவிட்டார். "ரெண்டு வீடும் பேசுற வரைக்கும் சபைக்கே கிடையாது" என்று சொன்னார். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

எல்லாருக்கும் கோபம். "அவங்க சண்டைக்கு நாங்க என்ன பண்ணினோம்?" என்று சில அம்மாக்கள் நேராகவே கேட்டார்கள். எனக்கும் அப்போது அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. ஐயா சொன்ன பதில் இதுதான்: "கால்ல முள்ளு குத்தினா கை சும்மா இருக்குமா?" காணிக்கையைப் பீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய் சகோதரனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொன்னதை நாங்கள் எத்தனையோ தடவை மனப்பாட வசனமாக ஒப்பித்திருக்கிறோம். அதை நிஜமாகவே செய்தால் எவ்வளவு சங்கடம் என்று அன்றைக்குத்தான் பார்த்தோம்.

இரண்டு மாதம் மேஜை காலியாக இருந்தது. மூன்றாவது மாதம் சபையிலேயே வயதான பாட்டி ஒருவர் இரண்டு வீட்டுக்கும் நடந்து போனார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த வாரம் சனிக்கிழமை சபை வாலிபர்கள் நாலைந்து பேர் மண்வெட்டியோடு போனோம். இரண்டு குடும்பமும் பாதிப் பாதிப் பணம் போட்டு பிவிசி பைப் வாங்கி வைத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் பள்ளம் தோண்டி பைப்பைப் பதித்து மூடினோம். அந்த வார்த்தையைச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டார். உரக்க இல்லை, மண்ணைப் பார்த்துக்கொண்டே. கேட்டவரும் "சரி விடுங்க" என்று மட்டும் சொன்னார். கட்டிப்பிடித்து அழவில்லை, சாட்சி சொல்லவில்லை. அவர்கள் இன்றைக்கும் பெரிய நண்பர்கள் கிடையாது. ஆனால் அடுத்த ஞாயிறு பாத்திரம் கை மாறியபோது ஒருத்தர் கொடுக்க இன்னொருத்தர் வாங்கினார்.

ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹோஃபர் என்று ஒரு போதகர் இருந்தார். ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945-ல் தூக்கிலிடப்பட்டவர். அதற்கு முன் ஃபின்கென்வால்டே என்ற இடத்தில் இளம் போதகர்களோடு ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1937-ல் நாஜிப் போலீஸ் அதை இழுத்து மூடியது. அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு கருத்து வரும். சபை எப்படி இருக்க வேண்டும் என்ற தன் கனவைச் சபையைவிட அதிகமாக நேசிக்கிறவன், நல்ல எண்ணத்தோடேயே சபையைக் கெடுத்துவிடுவான் என்கிறார். பைப் பதித்த பிறகு எனக்கு இது புரிந்த மாதிரி இருந்தது. என் கனவுச் சபையில் சாக்கடைச் சண்டை இல்லை. ஆனால் அந்தச் சபை எங்கேயும் இல்லை. பாத்திரத்தை நீட்டிய கை இந்தச் சபையில்தான் இருந்தது.

சேர்ந்து வாழ்வதை நம் பக்கத்திலேயே ரொம்பத் தூரம் கொண்டுபோனவர்களும் உண்டு. திருப்பத்தூரில் 1921-ல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமம். தொடங்கியவர்கள் இரண்டு டாக்டர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் இயேசுதாசன். இன்னொருவர் ஸ்காட்லாந்துப் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். வெள்ளைக்கார மிஷனரிக்கு ஒரு நிலை, இந்திய ஊழியருக்கு ஒரு நிலை என்று இருந்த காலம் அது. இவர்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, சைவச் சாப்பாடு சாப்பிட்டு, ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டு ஒன்றாக வாழ்ந்தார்கள். ஜெபாலயத்தைத் தமிழ்நாட்டுக் கோயில் பாணியில் கட்டினார்கள். இயேசுதாசனைப் பெரியண்ணன் என்றும் பேட்டனைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். ஆட்சி வெள்ளைக்காரன் கையில் இருந்த காலத்தில் இங்கே தமிழர் பெரியவர், வெள்ளைக்காரர் சின்னவர்! 1932-ல் சென்னையில் கதர் உடுத்தி நடந்துபோன பேட்டனைப் போலீஸ் தாக்கி, அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாக வந்தது. யாரோடு சேர்ந்து வாழ்ந்தாரோ அவர்களுக்கு விழுந்த அடி அவருக்கும் விழுந்தது.

எனக்கு அந்தப் பெயர்தான் ரொம்பப் பிடிக்கும். கிறிஸ்துகுலம். "நீங்க என்ன குலம்?" என்று நம் ஊரில் எதற்குக் கேட்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். பிரிக்கிறதுக்கு வைத்திருந்த வார்த்தையையே எடுத்து ஒரே குடும்பம் என்பதற்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

இவ்வளவும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். சபையிலேயே ஒரு அண்ணன் இருக்கிறார். நல்ல வேலை, நல்ல குணம், அக்காவுக்கும் பிடித்திருக்கிறது. அன்றைக்குப் பைப் பதிக்கும்போது எங்களோடு பள்ளம் தோண்டியவர்தான். அவர்கள் வீட்டிலிருந்து முறையாக வந்து கேட்டார்கள். அவர்கள் வேறு சாதி. எங்கள் வீட்டில் இல்லை என்று சொல்லவில்லை. "ஜெபிச்சுட்டுச் சொல்றோம்" என்று சொன்னார்கள். நம் ஆட்களுக்குத் தெரியும், அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று. கிறிஸ்தவ மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். சபையின் பெயர் ஒரு வார்த்தை, சாதியின் பெயர் அடுத்த வார்த்தை.

ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். ஒரே பாயில் முழங்கால் போடுகிறோம். அந்த அண்ணன் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார். அவரையே மாப்பிள்ளை என்று கூப்பிடுவதற்கு மட்டும் தனியாக ஒரு ஜெபம் வேண்டியிருக்கிறது. வடக்கன்குளத்துச் சுவரை 1910-லேயே இடித்துவிட்டார்கள், உண்மைதான். இடித்த செங்கலில் கொஞ்சத்தை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

போன வாரம் அப்பாவிடம் இதைக் கேட்டேவிட்டேன். "ஏம்ப்பா, ரெண்டு மாசம் மேஜை காலியா இருந்தப்ப நீங்கதானே ஐயா செஞ்சது சரின்னு சொன்னீங்க?" அப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு "முதல் ஞாயிறு வரட்டும்" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை.

முதல் ஞாயிறுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அக்கா எண்ணிக்கொண்டிருக்கிறாள். நாங்களும் ஜெபித்துக்கொண்டிருக்கிறோம், இந்தத் தடவை நிஜமாகவே.