நெய்வேலியில் ஒரு மர அகப்பையைத் தேடி

நெய்வேலி என்றதும் மின்சாரமே நினைவுக்கு வரும். அந்த மின்சாரத்தின் மூலம் மரம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் செழித்திருந்த காடுகள் புதையுண்டு பழுப்பு நிலக்கரியாயின. வெட்டியெடுக்கும் கட்டிகள் சிலவற்றில் மரத்தின் நார்வரிகளை இன்றும் கண்ணால் காணலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் இக்கரும்பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நிறுவனம் தோன்றியது. 1961-இல் நிலக்கரி கைக்கு எட்டியது. அடுத்த ஆண்டே அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. சுரங்கத்திற்காகக் கிராமங்கள் பல இடம்பெயர்ந்தன. வீடுகளோடு தோப்புகளும் போயின. அருகே, வட்டம் வட்டமாக வகுக்கப்பட்ட நகரியம் நேரான சாலைகளோடும் நிழல்மரங்களோடும் எழுந்தது.

அந்நகரியத்தின் குடியிருப்பு ஒன்றில்தான் என் லாத்தாவின் மகள் மணமுடித்துக் குடித்தனம் தொடங்கியிருக்கிறாள். தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியுமா? என்ன வேண்டுமென்று கேட்டேன். "எவர்சில்வரும் மிக்ஸியும் வேண்டிய மட்டும் வந்துவிட்டன மாமா. ஒட்டாத சட்டியில் இரும்புக் கரண்டி பட்டால் கீறல் விழுகிறது. உம்மம்மா வீட்டில் இருந்ததைப்போல மர அகப்பையும் இடியப்ப உரலும் கிடைத்தால் வாங்கித் தாருங்கள்" என்றாள். கேட்டது சிறிய பொருள். தேடியபோதுதான் அதன் அருமை விளங்கிற்று.

மெயின் பஜாரில் "வாங்க பாய்" என்று அன்போடு வரவேற்ற பாத்திரக் கடைக்காரர், கண்ணைப் பறிக்கும் எவர்சில்வர் அடுக்குகளையே முதலில் காட்டினார். மரச்சாமான் என்றதும் பின்கட்டிலிருந்து சப்பாத்திக் கட்டை, பருப்பு மத்து, கரண்டிகள் நான்கைந்து வந்தன. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருந்தன. வார்னிஷ் வாடை மூக்கைத் துளைத்தது. "இவை வடக்கிலிருந்து மொத்தமாக வருபவை பாய். கைவேலை வேண்டுமானால் பண்ருட்டிப் பக்கம் கடைசல் பட்டறைக்குத்தான் போகவேண்டும்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். மந்தாரக்குப்பத்துக் கடைகளிலும் இதே நிலைதான்.

ஆர்ச் கேட்டில் பேருந்து ஏறினேன். காடாம்புலியூர் வழியே பண்ருட்டி செல்லும் அச்சாலையின் இருமருங்கும் பலாவும் முந்திரியும் நிறைந்தவை. 2011 டிசம்பர் 30-ஆம் நாள் கரையைக் கடந்த 'தானே' புயலில் இவ்வட்டாரத்தின் மரங்கள் ஏராளமாக வேரோடு சாய்ந்தன. பழந்தந்த மரம் விறகாகிக் கிடந்த காட்சியை இம்மக்கள் இன்னும் மறக்கவில்லை. பலாவின் அருமை பழத்தோடு முடிவதில்லை. தஞ்சாவூர் வீணைக்கு இப்பகுதிப் பலாமரமே பேர்போனது. வெட்டிய புதிதில் மஞ்சளாயிருக்கும் அம்மரம், காலம் செல்லச் செல்லச் செம்பழுப்பாகக் கனியும்.

பட்டறையில் முதிய ஆசாரி ஒருவர் தனியே வேலை செய்துகொண்டிருந்தார். கடைசல் இயந்திரத்தில் மரத்துண்டு சுழல, உளியை அவர் மெல்லச் சாய்த்துப் பிடிக்கச் சுருள் சுருளாகச் சீவல் உதிர்ந்தது. "எப்போது கிடைக்கும் ஐயா?" என்றேன். "மரம் காய்ந்தது இருக்கிறது பாய், ஒரு வாரம் கொடுங்கள். பச்சை மரத்தில் செய்தால் இன்றே தரலாம், ஆனால் வெயில் காலத்தில் வெடித்துவிடும்" என்றார். மக்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். "கேட்டு வருபவர் இருந்தால்தானே பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க மனம் வரும்?" என்ற அவருடைய கேள்விக்கு என்னிடம் விடையில்லை. முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இதற்கிடையே லாத்தாவுக்கு மனக்குறை. "நாலுபேர் பார்க்கும்போது தாய்மாமன் சீராக மரக்கட்டையையா வைப்பது?" என்றார். பிறந்த வீட்டாரின் அன்பைத் தட்டில் பரப்பி, விலைபேசிப் பார்க்கும் வழக்கம் நம் குடும்பங்களில் எத்தனை மனங்களைப் புண்படுத்தியிருக்கிறது! வசதியில்லாத மாமன்மார் கடன்பட்டுச் சீர் வைப்பதும் இந்த அச்சத்தால்தானே? "லாத்தா, அவள் கேட்டது இது, நாம் கொடுக்க விரும்புவது ஊருக்குக் காட்டுவதற்கு. எது அவளுக்குப் பரிசு?" என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்தவர், "அப்படியானால் உம்மாவின் உரலில் இருந்ததுபோலப் பித்தளைச் சில்லு வைக்கச் சொல்" என்றார். ஆசாரியும் அவ்வாறே செய்துகொடுத்தார்.

இத்தகைய பொருளை வாங்க எண்ணும் சகோதரிகள் சிலவற்றைக் கவனிக்கவேண்டும். வார்னிஷோ சாயமோ பூசிய கரண்டி சமையலுக்கு ஆகாது. நுனியிலும் அடியிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெடிப்பில் எச்சம் தங்கினால் கிருமி சேரும். நார்வரி காம்பின் நீளவாக்கில் ஓடினால் கரண்டி எளிதில் முறியாது. கழுவிய கையோடு துடைத்து நிழலில் உலர்த்துங்கள். நீரில் ஊறப் போடாதீர்கள். அவ்வப்போது சிறிது தேங்காய் எண்ணெய் தடவிவந்தால் நெடுநாள் உழைக்கும். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி கிண்டும் நீண்ட மரத்துடுப்பைப் பாருங்கள். கொதிக்கும் அண்டாவில் எத்தனை ரமலானைக் கண்டாலும் அதன் காம்பு கையைச் சுடுவதில்லை.

நெய்வேலிக்கு வெளியேயும் இக்கலை உண்டு. நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் கடைந்து அரக்கேற்றிய மரச்சொப்புகள், சிறுமியரின் விளையாட்டுச் சமையலுக்கென்றே செய்யப்படுகின்றன. பெங்களூர் – மைசூர் சாலையிலுள்ள சென்னபட்டணத்தின் கடைசல் கலையைத் திப்பு சுல்தான் காலத்தோடு இணைத்துப் பேசுவர். அங்கே வெட்பாலை மரம் சுழலும்போது அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வின் சூட்டில் வண்ணம் உருகிப் படிகிறது. பின் தாழை ஓலையால் தேய்த்து மெருகேற்றுகின்றனர். உத்தரப் பிரதேசத்துச் சகாரன்பூரில் நம் சமுதாயத்துக் கைவினைஞர் பலர் தலைமுறை தலைமுறையாக மரவேலையால் வாழ்கின்றனர். தமிழக அரசின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் மரக் கைவினைப் பொருள்கள் கிடைக்கின்றன.

ஆயினும் முதலில் தேடவேண்டியது நம் ஊர்ப் பக்கத்துப் பட்டறையையே. திருமணத் தேதி குறித்தவுடன், ஒரு மாதம் முன்பாகவே சொல்லி வையுங்கள். காய்ந்த மரம் கேளுங்கள். கூலியில் பேரம் பேசாதீர்கள். ஆண்டுக்குப் பத்துக் குடும்பங்கள் அவ்வாறு கேட்டு வந்தால், ஓர் ஆசாரி தம் பேரனை அருகே உட்காரவைத்து உளி பிடிக்கக் கற்றுக்கொடுப்பார். கேட்பாரற்றுப் போனாலோ, நாளை நம் பேத்திகள் இடியப்ப உரலைப் படத்தில்தான் பார்க்க நேரும்.