லட்சத்தில் சம்பளம்!

"எனக்கு மாதச் சம்பளம் இருபத்து நாலு லட்சம்" என்று அடுத்த வீட்டுப் பெண் ஒருத்தி உங்களிடம் சாதாரணமாகச் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குத் தலை சுற்றிவிட்டது. அதிலும் அப்படிச் சொன்னவள் உருளைக்கிழங்கு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள்!

இது நடந்தது தென் கொரியாவில், தேகு என்ற நகரத்தில். என் கணவருக்கு அங்கே ஒரு வருஷத்து வேலை. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளே இந்த அமெரிக்கப் பெண் அறிமுகமானாள். வயது இருபத்தைந்து இருக்கலாம். குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் உத்தியோகம்.

"லட்சம் என்றால்... டாலரா?" என்று அசடு வழியக் கேட்டேன்.

"டாலராக இருந்தால் நான் ஏன் மூட்டை சுமக்கிறேன்? வொன்!" என்று சிரித்தாள்.

வொன் என்பது கொரிய நாணயம். அந்தச் சமயத்தில் நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 16 வொன். ஆகவே இருபத்து நாலு லட்சம் வொன் என்பது ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். குறைவில்லைதான். ஆனால் அந்த ஊர் விலைவாசிக்கு அது டாம்பீகச் சம்பளமும் இல்லை.

கொரிய நோட்டைப் பற்றி ஒரு செய்தி சொன்னால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அங்கே மிகப் பெரிய நோட்டு 50,000 வொன். 2009-இல் வெளியான அதில் இருப்பது ஒரு பெண்மணியின் படம். ஷின் சாயிம்தாங் என்ற ஓவியக் கலைஞர். அவருடைய மகன் யி இ பெரிய அறிஞர். அவர் படமும் நோட்டில் உண்டு. எந்த நோட்டில் தெரியுமா? 5,000 வொன் நோட்டில்! அறிஞரான மகனைவிட அம்மாவுக்குப் பத்து மடங்கு மதிப்பு. இதை என் கணவரிடம் அடிக்கடி நினைவுபடுத்துவேன்.

பள்ளிக்குப் பின் ஒரு பள்ளி

தேகு, மலைகள் சூழ்ந்த ஊர். தலைநகர் சோலிலிருந்து வேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கோடையில் கொரியா முழுவதிலும் வெயிலுக்குப் பேர் போனது இந்த ஊர்தான். நம்மூர் வெயிலில் வளர்ந்த எனக்கே ஆகஸ்டு மாதம் முணுமுணுக்கத் தோன்றிற்று.

கொரியத் தாய்மார்களுக்குக் குழந்தைகளின் படிப்பே உயிர். நகரத்தை ஒட்டிய பால்கோங் மலையில், தலையில் தட்டைக் கல்லைத் தொப்பிபோல் வைத்த ஒரு புத்தர் சிலை இருக்கிறது. காத்பாவி என்று பெயர். கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு முன்னால் தாய்மார்கள் அங்கே ஏறிப்போய் வணங்கியபடியே இருப்பார்கள். நவம்பரில் நடக்கும் அந்தத் தேர்வில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது, சத்தம் ஆகாதென்று நாடு முழுவதும் விமானங்கள் ஏறாமல் இறங்காமல் நிறுத்தப்படுகின்றன! இதற்கு மேல் ஆங்கிலத்துக்கு என்ன மரியாதை வேண்டும்?

ஆகவேதான் வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு அங்கே கிராக்கி. அரசுப் பள்ளிகளுக்கு அவர்களை வரவழைக்கும் திட்டம் 1995-இல் தொடங்கியது. அதைத் தவிர, 'ஹாக்வொன்' என்ற தனியார் பயிற்சிக்கூடங்கள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பள்ளி விட்டதும் குழந்தைகள் பையோடு நேரே அங்கேதான் ஓடுவார்கள். தேகுவில் சுசோங் வட்டாரம் இதற்குப் பிரசித்தம். நம் தோழிக்கும் ஒரு ஹாக்வொனில்தான் வேலை.

இந்த உத்தியோகத்துக்கு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பட்டதாரிகளுக்குத்தான் வழக்கமாக விசா. 2010-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் ஒன்று, நம் இந்திய ஆசிரியர்களும் துணை ஆங்கில ஆசிரியராகப் போக வழி செய்திருக்கிறது.

மூன்று வீடு, மூன்று விதம்

எங்கள் மாடியில் இப்படி மூன்று ஆசிரியர்கள். மூவருக்கும் சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான். செலவழிக்கும் விதம்தான் வேறு.

முதலாவது, ஒரு பிரிட்டிஷ் வாலிபர். வெள்ளிக்கிழமை மாலை வந்தால் தோங்சோங்னோ கடைத்தெருவில் இருப்பார். சனிக்கிழமை பூசான் கடற்கரையில் இருப்பார். மாதக் கடைசியில் எங்கள் வீட்டுச் சாம்பார் சாதத்தில் இருப்பார்!

அவர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2025 வரை கொரியாவில் சம்பளத்தில் 9 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போயிற்று. பாதி தொழிலாளியுடையது, பாதி முதலாளியுடையது. (2026 முதல் இது ஆண்டுக்கு அரை சதவீதமாக ஏறும் என்று 2025-இல் சட்டம் செய்தார்கள்.) நாட்டைவிட்டுப் போகும்போது அமெரிக்கர், கனடியர், ஆஸ்திரேலியர் ஆகியோருக்கு இந்தப் பணம் இரண்டு பாதியும் சேர்ந்து வட்டியோடு திரும்பிவிடும். பிரிட்டிஷ்காரருக்குக் கிடையாது. நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் வேறு. "போட்டது திரும்பாது என்றால், கையிலிருப்பதையாவது அனுபவிக்க வேண்டாமா?" என்பது அவருடைய வேதாந்தம்.

இரண்டாவது, தென்னாப்பிரிக்கப் பெண். சம்பளம் வந்த மறுநாளே பாதியை ஊருக்கு அனுப்பிவிடுவாள். தம்பியின் கல்லூரிச் சம்பளம், அம்மாவின் வைத்தியம். "பண்டிகைக்குப் புடவை எடுத்தாயா?" என்று கேட்டால் "அடுத்த வருஷம்" என்று சொல்லும் நம் வீட்டு மூத்த பெண்களைப் போலவே அவளும் கோட்டு வாங்குவதை அடுத்த குளிர்காலத்துக்கு ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவதுதான் நம் உருளைக்கிழங்குக்காரி. அவளுக்குக் கல்லூரிக் கடன். அமெரிக்காவில் பட்டத்தோடு கடனையும் சேர்த்துத்தான் பலர் வாங்குகிறார்கள்.

இருபத்து நாலில் என்ன மிச்சம்?

அவள் கணக்கை அப்படியே சொல்கிறேன். ஓய்வூதியம், வைத்தியக் காப்பீடு, வருமான வரி எல்லாம் பிடித்ததுபோகக் கைக்கு வருவது இருபத்தொன்றரை லட்சம். அதில் பத்து லட்சம் (சுமார் 730 டாலர்) அமெரிக்கக் கடனுக்கு. காஸ், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு, டெலிபோன் எல்லாம் ஒன்றரை லட்சம். சாப்பாடும் மற்றதும் ஏழு லட்சம். பாக்கி மூன்று லட்சம் சேமிப்பு.

வீட்டு வாடகை எங்கே என்று கேட்கிறீர்களா? அதுதான் இந்த உத்தியோகத்தின் சூட்சுமம். வீடு பள்ளிக்கூடத்தார் பொறுப்பு. கொரியாவில் வீடு எடுப்பது லேசான காரியமில்லை. பெருந்தொகையை முன்னதாகக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது முழுத் தொகையையும் திரும்பப் பெறும் முறைக்கு 'ஜொன்சே' என்று பெயர். நம்மூர்ப் போக்கியமேதான்! புதிதாக வரும் ஆசிரியர் அத்தனை பணத்துக்கு எங்கே போவார்?

சாப்பாட்டில் சிக்கனம் செய்ய வழி உண்டு. ஓட்டலில் ஒரு சாப்பாடு வாங்கினால் கிம்ச்சி முதலிய தொட்டுக்கொள்ளும் பண்டங்களைக் கேட்கக் கேட்கப் போடுவார்கள். தனிக் காசு இல்லை. டிப்ஸ் கொடுக்கும் வழக்கமும் இல்லை. ஆனால் பழம் வாங்கப் போனால் கண்ணீர்தான். 2024 வசந்தத்தில் ஆப்பிள் ஏறிய விலையைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. குளிர்காலத்தில் இன்னொரு வேட்டு: தரையின் அடியில் வெந்நீர்க் குழாய் ஓடி அறையைச் சூடாக்கும் 'ஒந்தோல்'. சுகமாகத்தான் இருக்கும், காஸ் பில் வரும்வரை! குப்பை போடுவதற்குக்கூட நகரசபையின் பையைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். 1995 முதல் நாடு முழுவதும் இதுதான் சட்டம். குப்பை அதிகமானால் செலவும் அதிகம். நம்மூருக்கு வந்தால் நல்லதுதானே?

பாட்டி கொடுத்த நோட்டு

கீழ்வீட்டில் ஒரு பாட்டி. 'ஹல்மோனி' என்றால் பாட்டி. முதல் மாதம் அந்த அமெரிக்கப் பெண் சம்பளத்தை இருபதே நாளில் தீர்த்துவிட்டு விழித்தபோது, பாட்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாளாம். 'ககேபு' என்று பெயர். குடும்ப வரவு செலவு நோட்டு. அந்த நாளில் மாதர் பத்திரிகைகள் புத்தாண்டுக்கு இதை இலவச இணைப்பாகக் கொடுப்பதுண்டு.

"ஒரு வொன் ஆனாலும் எழுது அம்மா. சீட்டு எது வந்தாலும் இதிலே ஒட்டு" என்பது பாட்டியின் உபதேசம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பாட்டிகள் சொன்னதையே அவளும் சொன்னாள். பெண் அதை அட்சரம் பிசகாமல் செய்துவந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டி எங்கள் இருவரையும் நகரத்து நடுவிலுள்ள பூங்காவுக்கு அழைத்துப் போனாள். பெரிய மணி தொங்கும் அழகான பூங்கா. அதன் பெயர் என்ன தெரியுமா? தேசக் கடன் அடைப்பு இயக்க நினைவுப் பூங்கா!

1907-இல் கொரிய அரசு ஜப்பானுக்கு 1 கோடியே 30 லட்சம் வொன் கடன்பட்டிருந்தது. கடனைக் காட்டி நாட்டையே விழுங்கிவிடுவார்களே என்ற பயம். தேகு நகரத்து வியாபாரி சோ சாங்-தோன் முதலியோர் ஒரு யோசனை சொன்னார்கள்: இரண்டு கோடி மக்களும் மூன்று மாதம் புகையிலையை விட்டு அந்தக் காசைக் கொடுத்தால் கடன் தீர்ந்துவிடும்! பெண்கள் சும்மா இருப்பார்களா? இதே ஊரில் ஏழு பெண்கள் ஒரு சங்கம் கூடித் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். நாடு முழுவதும் அது பரவிற்று. ஜப்பானிய அதிகாரிகள் இயக்கத்தை நசுக்கிவிட்டார்கள். 1910-இல் நாடும் பறிபோயிற்று. ஆனால் அந்த ஆவணங்களை 2017-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறது.

"இந்த வழக்கம் எங்களை விட்டுப் போகவில்லை" என்றாள் பாட்டி. 1997 கடைசியில் நாட்டின் பணநிலை சரிந்து, ஒரு டாலருக்கு 2,000 வொன் என்ற அளவை நெருங்கியபோது, மறுவருஷம் ஜனங்கள் வரிசையில் நின்று தங்கம் கொடுத்தார்கள். சேர்ந்தது 220 டன்னுக்கும் மேல்! பாட்டி கொடுத்தது, மகனின் முதல் பிறந்தநாளுக்குப் போட்ட மோதிரம். சொல்லும்போது தன் வெறும் விரலைத் தடவிக்கொண்டாள். அமெரிக்கப் பெண் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் கடன் என்றால் என்னவென்று தெரியும் அல்லவா?

கடைசி மாதம்

2025 பிப்ரவரியோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்தது. ஒரு வருஷம் முழுதாக வேலை செய்தால், விலகும்போது ஒரு மாதச் சம்பளம் தரவேண்டும். பதினான்கு நாளுக்குள் தரவேண்டும் என்பது கொரியச் சட்டம். அதையும் ஓய்வூதியப் பணத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஐம்பது லட்சம் வொன், நம் கணக்கில் மூன்று லட்சம் ரூபாய். பாதிக் கடன் தீர்ந்துவிடும் என்று அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினான்கு நாள் போயிற்று. பணம் வரவில்லை. கேட்டதற்கு, "அதுதான் மாதாமாதம் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட்டோமே!" என்றார்களாம். வீடும் அவர்களுடையது, காலி செய்தாகிவிட்டது. விசாவுக்கும் சில வாரங்களே பாக்கி. இரண்டு பெட்டியோடு எங்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

"போனால் போகிறது, அக்கா. நான் ஊருக்குப் போகிறேன்" என்று அழுதாள். என்னை 'ஒன்னி' என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்று அர்த்தம். பாட்டி சொல்லிக் கொடுத்தது.

பாட்டி விடவில்லை. "போனால் போகிறதா? நோட்டை எடு!" என்றாள். மூவருமாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரித்தார். பெண் வாய் திறக்கவில்லை; ககேபுவை மேஜைமேல் வைத்தாள். பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டும் வரிசையாக ஒட்டியிருந்தன. எந்தச் சீட்டிலும் அப்படி ஒரு தொகை இல்லை. அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பத்து நாளில் பணம் பாங்கிக்கு வந்துவிட்டது.

அவள் புறப்பட்ட அன்று நோட்டைப் பாட்டியிடம் திருப்பிக் கொடுக்கப் போனாள். பாட்டி வாங்கிக்கொள்ளவில்லை. "இன்னும் பாதிக் கடன் இருக்கிறதே, எதிலே எழுதுவாய்?" என்று கேட்டாள்.

எனக்கும் ஒரு நோட்டு கிடைத்தது. ஊர் திரும்பிய நாளிலிருந்து எழுதி வருகிறேன். கறிவேப்பிலைக்காரியிடம் கொடுத்த பத்து ரூபாய்கூட அதில் உண்டு. என் கணவருடைய சிகரெட்டுச் செலவுக்கும் தனிப் பக்கம் போட்டேன். மாதக் கடைசியில் கூட்டிக் காட்டினேன். பார்த்தார், பேசவில்லை. தேகு நகரத்து ஆண்கள் 1907-இல் மூன்று மாதம் விட்டார்களாமே என்று மெதுவாகச் சொன்னேன். இவர் விட்டு இப்போது ஐந்தாவது மாதம்!