வண்டி இங்கே, ஓட்டுனர் அங்கே

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்து மூன்று வருஷம் ஆகிறது. சுக்கும் மிளகும் மணக்கிற பஜார் ரோடு பழகிவிட்டது. வங்கிக்கு வருகிறவர்கள் "சாரே" என்று கூப்பிடுவதும் பழகிவிட்டது. ஆனால் ஜூ டவுன் பழம்பொருள் கடைகள் பக்கம் போனால் மட்டும் எனக்குக் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிடும். பித்தளை அண்டா, மரத்தூண், பழைய கடிகாரம் இதிலெல்லாம் எனக்கு ஆசை இல்லை. என் கண் தேடுவது விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வண்டி. நிலாவில் ஓட்டுகிற வண்டி! சிரிக்காதீங்க :-)

விஷயம் இதுதான். 1988ல் சிங்கப்பூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வந்த மாமா, கோடாலித் தைலத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் கொண்டுவந்தார். அவர் பிள்ளைகள் விளையாடித் தீர்த்த லெகோ துண்டுகள். எனக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வண்டி, ஒரே ஓட்டுனர். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

அந்த வண்டியின் வரலாறு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. டென்மார்க்கின் லெகோ கம்பெனி விண்வெளி வரிசையை ஆரம்பித்தது 1978ல். கை கால் அசைகிற குட்டி மனித பொம்மையும் அதே வருஷம்தான் வந்தது. இரண்டிலும் கை வைத்தவர் யென்ஸ் நியுகோர் க்னூட்சன் என்ற வடிவமைப்பாளர். 2020ல் காலமானார். 1979ல் வந்த 'கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்' என்ற பெரிய கப்பலில் 338 துண்டுகள், நாலு பயணிகள். அதெல்லாம் பணக்கார வீட்டு சமாச்சாரம். சின்ன வண்டிகள் இருபது, முப்பது துண்டில் முடிந்துவிடும். நாலு சக்கரம், ஒரு ஆன்டெனா, ஒரு ஆள். அவ்வளவுதான். ஆரம்ப வருஷங்களில் அந்த வரிசையில் துப்பாக்கியும் கிடையாது, வில்லனும் கிடையாது. போ, தோண்டு, பார், திரும்பி வா. எனக்கு இன்றும் பிடித்தது அதுதான்.

நம்ம ஊர் விண்வெளியும் அப்படிச் சின்ன வண்டியில்தானே ஆரம்பித்தது? இங்கிருந்து தெற்கே திருவனந்தபுரம் பக்கம் தும்பாவில் 1963 நவம்பர் 21ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அந்தக் காலத்தில் ராக்கெட்டின் முனைப் பகுதியை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிப் போகிற புகைப்படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1981ல் ஆப்பிள் செயற்கைக்கோளை, உலோகக் குறுக்கீடு இல்லாமல் சோதிப்பதற்காக மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3 இறங்கியதும், 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ஆறு சக்கரத்தோடு நிலாவில் உருண்டது. டிவியில் பார்த்த எனக்கு முதலில் தோன்றியது, "அட, நம்ம வண்டி!"

இனி கொஞ்சம் வீட்டுக் கதை. அம்மா போனபிறகு பட்டுக்கோட்டை வீட்டை விற்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. தம்பி டொரான்டோவில் இருக்கிறான். விற்றுவிடலாம் என்பது அவன் கட்சி, வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. வார்த்தை தடித்து ஐந்து மாதம் பேச்சுவார்த்தை இல்லை. நகையை எடை போட்டுப் பிரித்தது கூட சுலபமாக இருந்தது.

வீட்டை ஒழிக்கப் போனபோது பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைத்தது. உள்ளே வண்டித் துண்டுகள். தரையில் உட்கார்ந்து சேர்த்துப் பார்த்தேன். கை மறக்கவே இல்லை. டக் டக்கென்று கவ்விக்கொண்டது. 1958ல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்த அந்தக் கவ்வும் முறையை அவர்கள் இன்னும் மாற்றவில்லை. அன்றைய துண்டும் இன்றைய துண்டும் சேரும். ஆனால் ஓட்டுனரை மட்டும் காணோம்.

வண்டியைப் போட்டோ எடுத்து, ஒரு வார்த்தை எழுதாமல் தம்பிக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் போட்டோ வந்தது. அவன் ஆபீஸ் மேஜையில் நிற்கிறார் நம்ம வெள்ளைச் சட்டை விண்வெளிக்காரர்! ஹெல்மெட்டின் தாடைப் பட்டி உடைந்திருக்கிறது, நெஞ்சிலிருந்த கிரகச் சின்னம் பாதி அழிந்திருக்கிறது. (அந்தக் கால ஹெல்மெட் எல்லாம் அங்கேதான் உடையும். 2014ல் வந்த லெகோ சினிமாவில் பென்னி என்ற நீலச்சட்டைக்காரருக்கும் அதே உடைசல்தான்.) 2006ல் கிளம்பும்போது எடுத்துப் போனானாம். பின்னாலேயே போன் வந்தது.

"அண்ணே, வண்டியப் பிரிச்சிடாதே."

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினோம். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆபீஸ் நண்பர் சொல்கிறார், "சாரே, நெட்டில் பழைய செட் முழுசாகவே கிடைக்குமே." கிடைக்கும்தான். 2022ல் கம்பெனியே அந்தப் பெரிய கப்பலை 1254 துண்டுகளோடு புதுசாக விட்டது. ஆனால் நான் வாங்குகிற ஓட்டுனர் வேறு ஆள். பி.காம். படித்தவன் நான், எல்லாச் சொத்துக்கும் வருஷா வருஷம் தேய்மானம் போட்டுப் பழகியவன். இந்த வண்டியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை.

வீட்டு விஷயம் இன்னும் முடியவில்லை. முடியும்போது யாராவது ஒருவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். லீவில் வரும்போது ஓட்டுனரைக் கூட்டிவருவதாகத் தம்பி சொல்லியிருக்கிறான். அது வரை வண்டியை நான் பிரிக்கப்போவதில்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பாட்டில் இருக்கும். இறக்கிப் பாருங்கள். எந்தத் துண்டு குறைகிறதோ, அது யாரிடம் இருக்கிறது என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.