ஸ்டோர் சாவியும் நானும்

பழைய நாள் தோட்ட ஸ்டோரை நினைத்துக் கொள்ளுங்கள். அது துரையின் பொறுப்பு. சாவி கிராணியின் இடுப்பில் தொங்கும். மண்டோர் உள்ளே போய் உர மூட்டைகளை எண்ணிப் பார்க்கலாம். கணக்குப் புத்தகத்தில் கை வைக்கக் கூடாது. மற்றவர்கள் வாசலோடு சரி. இப்படிப்பட்ட தோட்டத்திலேயே வளர்ந்த நான், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்து போனேன்.

என்னிடம் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. புது விண்டோஸைத் தாங்காத கிழட்டு மெஷின் என்பதால் உபுண்டு என்னும் லினக்ஸைப் போட்டு வைத்திருந்தேன். முன்பு என்னிடம் படித்த பையன் ஒருவன், செம்பனைப் பழம் வெட்டுபவரின் மகன், இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. விடுமுறைக்கு வந்தால் அவனுடைய பாட வேலை இதில்தான் நடக்கும்.

"சார், ஒரு பேக்கேஜ் போடணும். ஏறமாட்டேங்குது" என்றான் ஒரு நாள்.

என்.பி.எம். என்ற கருவியால் போட்டால் 'அனுமதி இல்லை' என்று வந்து நின்றது. அது எழுதப் பார்த்த இடம் யு.எஸ்.ஆர். என்னும் பெரிய அறைக்குள் இருந்தது. அந்த அறைக்குச் சொந்தக்காரர் 'ரூட்'. நம் கணக்கில் துரை.

நான் பொறுமையாக அனுமதிப் பட்டியலைப் பார்த்திருக்க வேண்டும். சொந்தக்காரர், குழு, மற்றவர் என்று மூன்று வகையினருக்கும் தனித்தனி எண் உண்டு. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஆக, 755 என்றால் சொந்தக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு. மற்றவர்கள் படிக்கலாம், இயக்கலாம், மாற்ற முடியாது.

எனக்கோ அவசரம். பையன் முன்னால் கெட்டிக்காரத்தனம் காட்டும் ஆசையும் கொஞ்சம் இருந்தது. 'சூடோ' என்று தட்டி, யு.எஸ்.ஆர். முழுவதற்கும் 777 கொடுத்துவிட்டேன். பேக்கேஜ் ஏறியது. இருவரும் மகிழ்ந்தோம்.

மறுநாள் சூடோவே ஓடவில்லை! சாதாரண ஆளுக்குச் சற்று நேரம் ரூட்டின் அதிகாரத்தைத் தருவது அந்தப் புரோகிராம். அதற்காகவே அதன்மேல் தனி முத்திரை ஒன்று இருக்கும், எண் 4755. நான் போட்ட 777 முன்னால் இருந்த 4ஐ அழித்துவிட்டது. துரையானால்தான் திருத்த முடியும். துரையாகும் வழியையோ நானே அடைத்துவிட்டேன்.

பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய மூன்று வார உழைப்பு உள்ளே இருந்தது. பிரதி எடுத்து வைக்கவில்லை. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு தம்ப் டிரைவில் வேறொரு உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து மெஷினைக் கிளப்பினோம். நான் கெடுத்தது யு.எஸ்.ஆர். அறையை மட்டுந்தான்; பையனின் கோப்புகள் 'ஹோம்' அறையில் பத்திரமாக இருந்தன. முதலில் அவற்றை இன்னொரு தம்ப் டிரைவுக்கு மாற்றினோம். சூடோவுக்கு மட்டும் முத்திரையைத் திரும்பக் குத்தியிருக்கலாம். ஆனால் மற்ற ஆயிரம் கோப்புகளின் பழைய எண்களை யார் கண்டார்? எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகவே போட்டோம்.

இந்த முறை பையனே உட்கார்ந்தான். தன் ஹோம் அறையிலேயே ஒரு கோப்புறை திறந்து, பேக்கேஜ்களை அங்கே வைக்கும்படி என்.பி.எம்.முக்குச் சொல்லிவிட்டான். சூடோ தேவைப்படவில்லை. இரண்டு நிமிடத்தில் ஏறிவிட்டது.

"நம்ம வீட்டுக் கொல்லையில நட யாரைக் கேக்கணும், சார்?" என்று சிரித்தான். ஆனால் அந்தத் தம்ப் டிரைவை மட்டும் அவன் இன்னும் என்னிடம் திருப்பித் தரவில்லை.