என் வன்மத்துக்கும் ஒரு விதிவிலக்கு

2023 ஜூலையில் கோல்ஃப் ஆட்டக்காரர் செர்ஜியோ கார்சியா பிரிட்டிஷ் ஓபனுக்குத் தகுதி பெறவில்லை என்ற செய்தியைப் படித்ததும் எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. 2017-ல் மாஸ்டர்ஸ் வென்றவர். இங்கிலாந்தின் வெஸ்ட் லங்காஷயர் மைதானத்தில், பேர் தெரியாத ஆட்டக்காரர்களோடு ஒரே நாளில் 36 குழிகள் ஆடியும் இடம் கிடைக்கவில்லை. சவூதிப் பணத்தைத் தேடி லிவ் கோல்ஃப் தொடருக்குப் போனாய் அல்லவா, படு என்று நினைத்தேன். விளையாட்டைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான்.

எழுதும்போது இதற்கு நியாயம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். லிவ்வில் அப்போது 54 குழிகள்தான். பாதியில் யாரையும் கழிக்கவில்லை. வெளியாள் உள்ளே நுழைவதும் அரிதாக இருந்தது. லிவ்வுக்கு உலகத் தரவரிசைப் புள்ளி தர முடியாதென்று 2023 அக்டோபரில் தரவரிசை அமைப்பு கைவிரித்தது. அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் மாஸ்டர்ஸுக்கும் ஓபனுக்கும் போகும் பெரிய வாசல் அந்தத் தரவரிசையின் முதல் 50 இடங்கள். அது அடைபட்டதும் அப்போது மிஞ்சியது பழைய வெற்றிகள், தகுதிச் சுற்று, அழைப்பு, இவ்வளவுதான். லிவ்வில் ஒருவர் ஆட்டம் எவ்வளவு ஏறினாலும் பட்டியலில் இறங்கிக்கொண்டே இருந்தார். இதை நான் விளக்கி எழுதவே இல்லை. விளக்கினால் அவர்கள்மேல் வாசகருக்கு இரக்கம் வந்துவிடும்.

லிவ் ஆட்டக்காரர் டேலர் கூச் விஷயம் இன்னும் மோசம். 2023 யுஎஸ் ஓபனுக்கான தகுதி விதி ஒன்றைத் திருத்தினார்கள். அவர் வெளியே நின்றார். அதே ஆண்டு லிவ்வில் மூன்று போட்டிகளை வென்று தனிநபர் பட்டமும் எடுத்தார். கிரிக்கெட்டில் ஓவருக்கு நடுவே எல்லைக்கோட்டை நகர்த்தியிருந்தால் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருப்பேன். இதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

அதே ஆண்டு மே மாதம் ப்ரூக்ஸ் கெப்கா லிவ் ஆட்டக்காரராகவே பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது, பழைய பயிற்சியின் பலன் என்று தள்ளிவிட்டேன்.

ஆனால் 2022-ல் அனிர்பன் லாஹிரி லிவ்வுக்குப் போனபோது மட்டும் என் பேனா அடங்கிவிட்டது. பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்த நம் ஆள், குடும்பஸ்தர், நல்ல சம்பளம் வந்தால் யார்தான் விடுவார் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். கார்சியாவுக்கும் குடும்பம் உண்டு.

சிலியின் ஹொவாகீன் நீமன் தரவரிசைப் புள்ளிக்காக லிவ்வுக்கு வெளியேயும் போய் ஆடி, 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய ஓபனை வென்று, மாஸ்டர்ஸ் அழைப்பு பெற்றார். மெச்ச வேண்டிய உழைப்பு. எனக்கு எரிச்சல்தான் வந்தது. 2025-ல் யுஎஸ் ஓபனே லிவ் பட்டியலின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவருக்கு நேரடி இடம் ஒதுக்க, அதுவும் நீமனுக்கே போனது. நல்ல முடிவு என்று நண்பர்களிடம் சொன்னேன். போட்டி தொடங்கியதும் புள்ளிப் பட்டியலில் அவர் பெயரைக் கீழிருந்துதான் தேடினேன்.